காக்காவின் பெயரை மாற்ற மறந்த பிரதி

சுனாமி வந்து ஓராண்டு நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் போன் எடுத்தார். நினைவு நாளுக்கு அரை மணி நேர நாடகம் வேண்டும், பத்து நாளில் வேண்டும், கடற்கரையில் நின்ற ஒருவர் எழுதினால் நல்லது என்றார். நான் கடற்கரையில் நின்றவன் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர் என் காக்கா, என் மூத்த சகோதரர். நான் தண்ணீர் வராத தெருவில் வீட்டுக்குள் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். இதைத் தயாரிப்பாளரிடம் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்றேன்.

காக்காவின் மையித்து, அவருடைய உடல், கிடைக்கவில்லை. முகம் தெரியாமல் அடக்கப்பட்டவர்களில் அவரும் இருந்திருக்கலாம். ஊர் அப்படித்தான் நம்பியது, நானும் அப்படித்தான் நம்பினேன். காக்காவின் மனைவி, எங்களோடு ஒரே வீட்டில் இருந்த மதினி, நம்பவில்லை; அதனால் வீட்டில் நானும் அழவில்லை. கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் வெள்ளை உடுத்தி, நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருப்பார்கள். சொந்தக்காரப் பெண்கள் மாறி மாறி வந்து சொன்னபோதெல்லாம் மதினியிடம் ஒரே பதில்தான்.

"மையித்தக் காணாம நான் என்னத்துக்கு வெள்ள உடுக்கிற? அவர் வந்து கேட்டா என்னண்டு சொல்லுற?"

நான் எழுதிய நாடகமும் காணாமல் போனவனின் மனைவியைப் பற்றியதுதான். ஆனால் என் நாடகத்தில் அவள் கடைசியில் மனம் மாறி வெள்ளை உடுத்தினாள். மதினி செய்ய மறுத்ததை ஒரு நடிகையைக் கொண்டு செய்வித்தேன். எழுதுகிறவர்களிடம் இப்படி ஒரு கள்ளத்தனம் உண்டு. நேரில் வாய் திறக்க முடியாததைப் பிரதியில் எழுதி வென்றுவிடுவோம்.

தயாரிப்பாளரோடு ஒரு கிழமை சண்டை. எங்கள் ஊர்ப் பேச்சு கொழும்பில் யாருக்கும் விளங்காது என்றார். விளங்காவிட்டால் பழகிக்கொள்ளட்டும் என்றேன். கடல் இன்னும் கொஞ்சம் வரவேண்டும் என்றார். கடல் போதுமான அளவு வந்துவிட்டது என்றேன். இரண்டிலும் நான்தான் வென்றேன். வென்ற திமிரில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் ஜனாஸா என்ற மரண அறிவித்தலை நடிகர் வாசிக்கக்கூடாது, எங்கள் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரே வாசிக்க வேண்டும் என்று நின்றேன். ஊரில் யார் மௌத்தானாலும் அந்தக் குரலில்தான் எங்களுக்குத் தெரியவரும். எல்லாம் அசலாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

மோதினார் தன் அறைக்குள் இருந்து கசெட்டில் வாசித்தார். தெருச் சத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள நான் பள்ளி வாசலில் நின்றேன். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். என் எழுத்தின் வலிமை என்று நினைத்துக்கொண்டேன். கசெட்டைப் போட்டுக் கேட்காமலேயே கொழும்பு பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. நாடகம் முழுக்க அந்த மனைவி "அவர்" என்றும் "புள்ளட வாப்பா" என்றும்தான் பேசினாள். அதனால் காணாமல் போனவனின் பெயர் ஒரே ஒரு இடத்தில், அந்த அறிவித்தலில் மட்டும் வந்தது. முதல் நாள் எழுதும்போது வேறு பெயர் வராமல், பிறகு மாற்றலாம் என்று காக்காவின் பெயரைப் போட்டிருந்தேன். எங்கள் வாப்பாவின் பெயர், எங்கள் தெருவின் பெயர் உட்பட. அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

நாடகம் மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஒளிபரப்பானது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே அலைவரிசைதான். இன்னாரின் மகன் இன்னார் காலமானார் என்று மோதினாரின் குரல் எங்கள் பெட்டியிலும் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்டது. அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அது பள்ளியிலிருந்து வந்ததா, பெட்டியிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்? நாடகம் முடியுமுன்பே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் வேலியோரம் நின்றார்கள். ஒருவர் என்னிடம் மெதுவாக, "மையித்து எங்க கிடச்ச?" என்று கேட்டார்.

மதினி பச்சைச் சாரியில் இருந்தார். எழுந்து பெட்டியை நிறுத்தினார். வாசலுக்குப் போய், "அது நாடகம். எங்கட தம்பிதான் எழுதின. போய் மிச்சத்தப் பாருங்க" என்றார். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. அந்த மௌனம் மூன்று வருடத்துக்கு மேல் நீடித்தது. சோறு வைப்பார், தேநீர் தருவார், தம்பி என்று மட்டும் கூப்பிடமாட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

தயாரிப்பாளர் போனில் சந்தோசமாக இருந்தார். நாடகம் நன்றாக எடுபட்டதாம், அந்த அறிவித்தல்தான் உச்சமாம். பெயர் விசயத்தைச் சொன்னேன். "பேர்தானே, அடுத்த முறை போடும்போது வெட்டிருவம்" என்றார். நான் அதன்பின் தொலைக்காட்சிக்கு எழுதவில்லை.

கட்டாரில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர்கள் நடத்திய இணையத்தளத்துக்கு வீட்டிலிருந்து கட்டுரை எழுதினேன். வசதி என்னவென்றால், பிழை என்று தெரிந்ததும் திருத்திவிடலாம். யுத்தம் முடிந்த வருடம், பாண்டிருப்புப் பக்கமிருந்து ஒரு தாய் மகனின் படத்தோடு வந்தார். மீன்பிடிக் குடும்பம். வன்னிக்குப் போன மகன் திரும்பவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் நாலு பந்தி தட்டிவிட்டேன். வாசித்துக் காட்டினேன்.

"இவ்வளவும் வேணாம் தம்பி" என்றார். "காணல்ல என்டு மட்டும் போடுங்க. எனக்கிட்ட இருக்கிற உண்ம அவ்வளவுதான்."

தேநீர் கொண்டுவந்த மதினி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாய் அவரைப் பார்த்து, "உங்கட வீட்டுக்காரர் எங்க, தங்கச்சி?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

மதினி தேநீரை அவர் கையில் கொடுத்தார். பிறகு, "கடலோட போயிட்டார்" என்றார். அப்படி அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இருவரும் குசினிக்குள் போய் வெகுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை மதினி தன் உடன்பிறந்த நானாவைக் கூட்டிக்கொண்டு காதி நீதிபதியிடம் போனார். சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. நான்கு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லாதவர் மௌத்தானவராகக் கொள்ளப்படுவார். அன்று பின்நேரம் மதினி என் கணினிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, அறிவித்தல் எழுதுங்க. வெளிநாட்டில இருக்கிற ஆக்களும் துஆ கேக்கட்டும்."

ஏழு வரி எழுதினேன். வாசிக்கச் சொன்னார். "ஆற்றொணாத் துயரம்" என்பதை எடுக்கச் சொன்னார். "அன்பும் பண்பும் நிறைந்த" என்பதையும் எடுக்கச் சொன்னார். கடல் பற்றிய வரி முழுவதும் போயிற்று. கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது.

"இது உண்மதானே?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நாடகம் எழுதி, கட்டுரை எழுதி, ஊருக்கெல்லாம் அவரை மௌத்தாக்கிக் காட்டிய எனக்கு, ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. பொத்தானை அழுத்தவும் கை வரவில்லை. மதினி எட்டித் தானே அழுத்தினார். திரையில் அது வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெள்ளை உடுக்க உள்ளே போகத் திரும்பினார்.

"இனி நீங்களும் அழலாம் தம்பி" என்றார்.

அழுதேன்.