அக்தர் பானுவின் முக்காலி

மேலப்பாளையத்தில் அக்தர் பானு முடித்துவைத்த கல்யாணங்கள் இருநூறைத் தாண்டும். அதில் நாலைந்து புட்டுக்கொண்டதும் உண்டு. யாராவது குறை சொன்னால், "சேத்து வைக்கதுதான் என் சோலி. உள்ள போய் விளக்குப் பிடிக்கவா முடியும்?" என்பாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது. புருஷன் மௌத்தாகி அடக்கமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அவள் தொழிலில் செல்போன் படம் செல்லாது. பெண்ணின் படம் ஒரு போனுக்குள் போனால் மறுநாளே துபாய் வரைக்கும் சுற்றிவிடும் என்று பெற்றவர்களுக்குப் பயம். அதனால் மருமகன் கொடுத்த கையடக்கக் கேமராவில் தானே எடுப்பாள். ஸ்டுடியோவில் ஒரே ஒரு பிரதி போடுவாள். மாப்பிள்ளை வீட்டில் காட்டிவிட்டுக் கையோடு திருப்பி வாங்கி வந்துவிடுவாள்.

வினை வலது கையில் வந்தது. போன வருஷத்திலிருந்து ஒரு நடுக்கம். வயசு ஆகிறது என்றார் டாக்டர். "அவருக்கு எழுவது ஆவுது. ஊசி போடுத கை நடுங்கக் காணோமே" என்று மருந்துச் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பேட்டை ஆபிதா பீவி, சார்ஜாவில் இருக்கும் தன் மகன் ஆதிலுக்குப் பெண் தேடினாள். அக்தர் பானு, ருக்சானாவின் மகள் தஸ்மியாவின் படத்தை நீட்டினாள். ஆபிதா பீவி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிப் பார்த்தாள்.

"பொண்ணு ரெட்டைப் பிறவியா, லாத்தா? இதுல எங்களுக்கு எது?"

மறுநாள் காலையிலேயே அக்தர் பானு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள். கேமரா சாமான் விற்கும் கடையில் பெனோ என்பவன் இருந்தான். பர்தாவையும் கையிலிருந்த கேமராவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன சேனல்மா நடத்துதிய? சமையலா, கைவைத்தியமா?"

"சேனலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கல்யாணம் பேசி முடிக்கவ நான். கேமரா நிக்கதுக்கு ஒரு முக்காலி வேணும். விலை கம்மியா இருக்கணும். ஆட்டம் அதைவிடக் கம்மியா இருக்கணும்."

பெனோ முதலில் எடுத்து வைத்தது, பாம்பு போல வளையும் கால்களோடு ஒரு சாண் உயரத்தில் ஒன்று. ஜன்னல் கம்பியில்கூடச் சுற்றி மாட்டலாம் என்றான். "பொண்ணை உக்கார வச்சிட்டு நான் ஜன்னல்ல தொங்கவா?" என்று அதைத் தள்ளிவைத்தாள். அடுத்தது செல்போனைக் கவ்வுவது. கேமராவின் அடியில் இருக்கும் துளைக்குச் சேரும் திருகு அதில் இல்லை. மூன்றாவது ஆளுயரம் நின்றது, வெள்ளி மினுக்கம் வேறு. விலையும் மலிவு. அக்தர் பானு அதன் தலையில் ஒரு சுண்டு சுண்டினாள். அது தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கொடுத்த பிள்ளைபோல் அசைந்து அசைந்து நின்றது.

"ஃபேனைப் போடு" என்றாள்.

காற்று பட்டதும் மறுபடி ஆடியது.

"ஒங்கடைக் காத்துக்கே இந்த ஆட்டம்னா, பொண்ணு வீட்டுல நாத்தனார்மாரு கூடிப் பெருமூச்சு விட்டா என்ன ஆவும்? கால்ல எத்தனை மடிப்பு இருக்கு பாரு. மடிப்புக்கு ஒரு ஆட்டம். இடுப்பு உசரம் போதும், கால் தடியா இருக்கணும்."

பெனோ யோசித்துவிட்டு ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து தூசியோடு ஒன்றை இறக்கினான். குட்டை, கறுப்பு, ஒரு காலில் கீறல். நடுவில் கீழ்ப்பக்கம் ஒரு கொக்கி. அக்தர் பானு தன் கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். பையில் மாத்திரை, தண்ணீர்ப் பாட்டில், நாற்பது வீட்டு ஜாதகமில்லாத ரகசியங்கள். சுண்டினாள். அசையவில்லை. இன்னொரு தரம் சுண்டினாள்.

"இவந்தான் மாப்பிள்ளை. கீறலுக்கு நூறு ரூவா கொறைச்சுக்கோ."

பெனோ குறைத்துக்கொண்டான். கேமராவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டால் பத்து விநாடி கழித்து அதுவே படம் எடுக்கும் வித்தையையும் காட்டிக்கொடுத்தான்.

அன்று மாலையே ருக்சானா வீட்டுக்குப் போய் முக்காலியை நிறுத்தினாள். தஸ்மியா பள்ளிக்கூட ஆசிரியை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளை முறைக்கிற அதே முறைப்போடு உட்கார்ந்தாள். இரண்டு படம் அப்படியே வந்தது. மூன்றாவதுக்கு அழுத்திய பிறகுதான் தஸ்மியாவின் முக்காடு சரிந்திருப்பது தெரிந்தது. அக்தர் பானு அதை இழுத்துவிட ஓடினாள். கேமராவில் சிவப்பு விளக்கு மினுங்க, "ஏளா, மாட்டிக்கிட்டேன்!" என்று அக்தர் பானு திரும்பவும், தஸ்மியா வாய்விட்டுச் சிரிக்கவும், படம் விழுந்தது.

"இந்தப் படத்தைக் குடுங்க மாமி. மத்த ரெண்டையும் காட்டுனா மாப்பிள்ளை சார்ஜாவுலயே இருந்துக்கிடுவாரு" என்றாள் தஸ்மியா.

ஓரத்தில் பாதிச் சிரிப்போடு நிற்கும் தன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அக்தர் பானுவும் சம்மதித்தாள்.

புதுப் படத்தை உள்ளே கொண்டுபோய் வீட்டாரிடம் காட்டிவிட்டு வந்த ஆபிதா பீவிக்குப் பெண் பிடித்துவிட்டது. நாள் பார்த்துப் பேச வருகிறோம் என்றாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"லாத்தா, எங்கூடப் பொறந்த பெரிய காக்கா சுல்தான் இருக்காவல்லா, சவுதி தம்மாம்ல இருந்து வந்தவ்வொ? அவ்வொ பொஞ்சாதி, எங்க மச்சி, மௌத்தாகி நாலு வருஷம் ஆச்சு. படத்தைப் பாத்துட்டுக் கேட்டாவ."

"என்னத்த?"

"ஓரத்துல சிரிக்கது யாருன்னு."

அக்தர் பானுவுக்குக் காது சூடானது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"வயசு என்ன? சுகர் இருக்கா? பல்லு சொந்தப் பல்லா?"

"அறுவத்தொண்ணு. சுகர் கொஞ்சம். பல்லுல ரெண்டு கட்டுனது."

"எனக்கு வேண்டாம்" என்றாள். "வேற நல்ல எடமாப் பாத்துத் தாரேன்னு சொல்லு. ஆனா படம் வேணும். நானே வந்து எடுக்கேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேட்டைக்குப் போனாள். முகம்மது சுல்தான் இஸ்திரி போட்ட சட்டையில் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். அவள் அழுத்திவிட்டுத் தள்ளி நின்றாள்.

"கேமராவைப் பாருங்க. என்னைப் பாக்காதிய."

"கேமராவுல என்ன இருக்கு?" என்றார் அவர்.

ஏழு படம் எடுத்தாள். ஏழிலும் அவர் பார்வை ஓரமாகவே இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து தஸ்மியாவுக்கும் ஆதிலுக்கும் நிக்காஹ் நடந்தது. சுல்தானுக்கு இன்னும் இடம் அமையவில்லை. ஒருத்திக்கு உயரம் போதாது, ஒருத்தி வாயாடி என்று தரகுக்காரியே தட்டிக்கழிக்கிறாள். போனமுறை எடுத்ததும் சரியாக விழவில்லை என்று, முக்காலியைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு மறுபடி பேட்டைக்குப் போகிறாள்.