குடோன் விட்டுவைத்த கடைசிச் சொல்

துறைமுக ஊரில் போய் "குடோன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கையோடு கூட்டிப்போய் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். குடோன் என்பது அங்கே ஒரு மனிதரின் பெயர். பகலெல்லாம் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். வேலை முடிந்ததும் நிறுத்தி வைத்திருக்கிற லாரியின் மேல் ஏறி நின்று ராப் சொல்வார்; கீழே ஊரே கூடி நின்று லாரிக் கதவைத் தட்டித் தாளம் போடும். காலிக் கிடங்குக்குள் நின்று பேசினால் எப்படி முழங்குமோ அப்படி ஒரு குரல். இருபது வருஷமாக அந்த ஊரில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வீட்டுக்காரி மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவள் சலவைக்கடையில் துணி திருத்திக் கொடுக்கிற தையல்காரி. நாள் முழுக்கப் பேன்ட் நீளம் குறைத்து, போன ஜிப்பைப் பிரித்து வேறு ஜிப் வைத்து, கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்தால் இவர் அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வரி சொல்வார், அப்படியே நிற்பார். அடுத்த வரி சொல்வார், மறுபடி நிற்பார். "மனப்பாடம் பண்ண வக்கில்ல, இதுல லாரி மேல ஏறிக் கத்தணுமாம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மனிதர் பதிலுக்குச் சிரிப்பார். ஒரு தடவைகூட அவள் லாரிப் பக்கம் போனதில்லை. போயிருக்கலாம் என்று இப்போது நினைத்து என்ன ஆகப்போகிறது!

ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கும்போதே குடோன் சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. வலது கை மடங்கிக்கொண்டது, பேச்சு போயிற்று. பேச்சை மீட்டுத் தருகிற ஆஸ்பத்திரி ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருந்த பெரிய நகரத்தில்தான் இருந்தது. தையல்காரி கடையில் லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு விடுதி அறை பிடித்து அவரைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அங்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளர் இருந்தார். நோயாளிகள் வைத்த பெயர் பேச்சு வாத்தியார். முப்பத்தைந்து வயசிருக்கும், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். வந்திருப்பவர் ராப்பர் என்று தெரிந்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"சாரோட பேரு?"

"குடோன்."

வாத்தியார் யோசித்தார். போனை எடுத்துத் தேடினார். தலையை ஆட்டினார். "இல்லயே அக்கா. நான் கேள்விப்படாத ராப்பரே கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் எவன் எந்தத் தெருவுல பாடுறான்னு கேட்டாக்கூட சொல்லுவேன். இவர எனக்குத் தெரியலயே!"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் தம்பி."

"உங்களுக்கு ஊசியத் தெரியுமா?"

"எந்த ஊசி? பதினாலா, பதினாறா?" என்றாள் தையல்காரி. மெஷினுக்குப் போடுகிற ஊசியைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

ஊசி என்பவர் அந்த நகரத்து ராப்பராம். சுவரெல்லாம் அவர் படம், ரயிலில் ஏறினால் பத்துக்கு எட்டுக் காதில் அவர் குரல். துறைமுக ஊரில் அவரை ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. இது என்ன கூத்து என்று அவளுக்குப் புரியவில்லை. வாத்தியார்தான் பொறுமையாக விளக்கினார். இங்கே ஜனங்கள் ரயிலில் நசுங்கிக்கொண்டு, தனித்தனியாகக் காதில் மாட்டிக் கேட்கிறவர்கள். அதனால் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினால்தான் பிடிக்கும். கச்சேரிக்குப் போனாலும் வாயைத் திறக்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். அதுதான் இங்கே மரியாதை. மெதுவாகச் சொல்கிறவனை ஒரு நிமிஷம்கூடக் கேட்க மாட்டார்கள். அவள் ஊரில் நிலைமை தலைகீழ். மூச்சு விடாமல் சொல்கிறவனை "யாருப்பா துரத்துறா ஒன்ன?" என்று கேட்டே இறக்கிவிட்டுவிடுவார்கள்.

முதல் வாரம் முழுக்க வாத்தியார் ஊசியின் பாட்டைப் போட்டுப் பார்த்தார். தாளம் காதில் விழுந்தால் பேச்சு கிளம்பும், சிலருக்கு அப்படி வரும் என்றார். குடோன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் வாத்தியாரே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜையில் கையால் மெதுவாகத் தட்டினார். லாரிக் கதவைத் தட்டுகிற வேகம். குடோன் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"கப்பல் வந்தா வேலை, வரலைன்னா..."

தையல்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினேழு நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறாள். ஆனால் வரி பாதியில் நின்றது. இடது கையை எடுத்துக் காதில் குவித்துக்கொண்டு அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு முகம் சுருங்கிவிட்டது.

காதில் கை வைக்கிறாரே, காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வாத்தியார் அன்றைக்கே செவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். காது நன்றாகத்தான் இருந்தது. குறிப்பேட்டில் 'வாக்கியத்தை முடிக்க இயலவில்லை' என்று எழுதினார்கள்.

விடுதி அறையில் அவர் மறுபடி அதே வரியைச் சொல்லிக் காதில் கை வைத்தார். ஏதோ பதில் எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. "பட்டினியா?" என்று கேட்டுப் பார்த்தாள். இது என்ன ஜென்மம் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஊரில் ரொட்டி வேன் ஓட்டுகிற ஆளுக்குப் போன் போட்டாள். குடோனுக்கு வெறி பிடித்த ரசிகர், அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"ஐயோ அண்ணி, இதுகூடவா தெரியாது? அண்ணன் எந்த வரிக்கும் கடைசிச் சொல்லச் சொல்ல மாட்டாரு. அது நாங்க சொல்றது. நம்ம ஊர்ல ராப்பருங்க எல்லாருமே அப்படித்தான். அத அவரே சொல்லிட்டா எங்கள மதிக்கலன்னு அர்த்தம். ரெக்கார்டிங்லகூட அந்த எடத்த காலியாத்தான் விடுவாரு."

அடக் கடவுளே! இருபது வருஷமாக அடுப்படியில் இந்த மனிதர் எதையும் மறக்கவில்லை. ஊருக்கு இடம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள்தான் அந்த இடத்தில் கரண்டியை ணங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சொல்லுங்க. வரலைன்னா?"

"தூக்கம்!" போனுக்குள்ளேயே கத்தினார் ரொட்டி வேன்காரர். நான்கு வரிக்கு மளமளவென்று சொல்லிவிட்டார். ஐந்தாவதுக்கு இழுத்தார். "அந்த வரி வேணாம் அண்ணி. சும்மா வெளையாட்டுக்கு எழுதுனது."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

"ஊரே பதில் சொல்லுது, சொல்லாதது யாரு, என்..." அவர் எச்சில் விழுங்கினார். "வீட்டுக்காரி."



"எத்தன வருஷமா இத கத்துறீங்க?"

"பதினோரு வருஷம் இருக்கும் அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த எடத்துல அண்ணன் உங்க வீட்டுப் பக்கம் திரும்பி நிப்பாரு. கேக்குதான்னு பாப்பாரு."

கேட்டிருக்கும். கடற்காற்றில் ஏதோ இரைச்சல் என்று ஜன்னலைச் சாத்தியிருப்பாள்.

விஷயத்தை அவள் சொன்னதும் பேச்சு வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா, அன்னிக்கு அவரு அந்த வரியச் சொன்னப்ப எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிருச்சு. அதான் வாய மூடிக்கிட்டுத் தலைய ஆட்டுனேன். எங்களுக்கு அதானே பழக்கம்." நல்ல மனிதர். அவர் மரியாதை செய்தார், இவர் அவமானம் என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குள் மூன்று வாரம் ஓடியிருந்தது. ஆறாவது வாரம் முடிவில் பெரிய டாக்டரம்மா வந்து சோதிப்பார். ஐந்து வாக்கியத்தில் மூன்றையாவது நோயாளி தானாக, பிறர் எடுத்துக்கொடுக்காமல் முடிக்க வேண்டும். முடித்தால் இன்னும் மூன்று மாதம் பயிற்சி. இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். துறைமுக ஊரில் பேச்சு சொல்லித்தர ஒரு ஆளும் கிடையாது. பாட்டு வரியையே வாக்கியமாக எடுத்துக்கொள்ள வாத்தியார் மன்றாடிச் சம்மதம் வாங்கினார்.

பயிற்சி இப்படி நடந்தது. குடோன் வரியைச் சொல்லி நிறுத்துவார். தையல்காரி மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுக் கடைசிச் சொல்லைக் கொடுப்பாள். மறுநாள் எட்டு எண்ணுவாள். அதற்கடுத்து பத்து, பிறகு பதினைந்து. யாருமே பதில் சொல்லாத அந்த நேரம் நீள நீள, அவரே பொறுக்கமாட்டாமல் சொல்லிவிடுவார் என்பது வாத்தியாரின் கணக்கு. அது பலித்தது. ஒரு நாள் "தூக்கம்" வந்தது. இன்னொரு நாள் "முதுகு" வந்தது.

"ஆனா அக்கா, அவசரப்பட்டுக் குடுத்துராதீங்க. அவரு மொகத்தப் பாக்காதீங்க. எண்ணிக்கைய மட்டும் பாருங்க" என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னார்.

முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? கூட்டம் இல்லாத லாரியின் மேல் நிற்கிற மாதிரி அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

சோதனை நாளன்று டாக்டரம்மா மேஜையில் தாளையும் கடிகாரத்தையும் வைத்தார். கனிவான பெண்மணிதான். "ஒரு வரிக்கு இருபது செகண்ட் தர்றேன். யாரும் வாயத் திறக்கக் கூடாது. திறந்தா அந்த வரிய எடுத்துக்க முடியாது" என்றார். தையல்காரி கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் மேஜையைத் தட்டினார்.

"கப்பல் வந்தா வேலை, வரலைன்னா..." கை காதுக்குப் போனது. ஏழு, எட்டு, ஒன்பது. "தூக்... தூக்கம்."

டாக்டரம்மா ஒரு குறி போட்டார்.

"மூட்டைக்கு மொகமில்ல, எனக்கு இல்ல..." பதினான்கு எண்ணும்போது "முதுகு" வந்தது. இன்னொரு குறி. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் ஒன்றே ஒன்று போதும்.

மூன்றாவது வரி நின்றது, இருபது செகண்டும் போனது. நான்காவது, "மழை பேஞ்சா சரக்கு உள்ள, நாங்க எல்லாம்..." அவர் வாய் கோணிக்கோணிப் பார்த்தது. வரவில்லை. டாக்டரம்மா தாளில் கோடு இழுத்தார். குடோனின் நெற்றி வியர்த்திருந்தது. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

ஐந்தாவது வரியை அவர் இவள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஊரே பதில் சொல்லுது, சொல்லாதது யாரு, என்..."

கை காதில் குவிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் தரையைப் பார்த்தபடி எண்ணினாள். ஒன்பதில் நிமிர்ந்துவிட்டாள். அவருடைய கண் நிறைந்திருந்தது. கை காதிலிருந்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் அடுப்படியில் அந்தக் கை இப்படித்தான் இறங்கியிருக்கும், அவள்தான் பார்க்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு.

"வீட்டுக்காரி!" என்று கத்திவிட்டாள்.

கத்தின பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. டாக்டரம்மா பேனாவை மூடினார்.

குடோன் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டு, நெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தான் ஜெயித்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் அவளை நடைபாதைக்குக் கூட்டிப்போனார். "உதடு கூடிருச்சு அக்கா. 'வீ'ன்னு வந்திருச்சு, நான் பார்த்தேன். இன்னும் ரெண்டு செகண்ட் பொறுத்திருந்தா..."

"மறுபடி ஒரு தடவ சோதிக்கச் சொல்லுங்க தம்பி. காலுல வேணா விழறேன்."

"கேட்டுப் பார்த்துட்டேன். அடுத்த ஆளு கீழ வந்து உக்காந்திருக்காராம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பாவி, இருபது வருஷம் மூடிக் கிடந்த வாய்க்கு இந்தப் பன்னிரண்டாவது செகண்ட்தானா கிடைத்தது!

மறுநாள் ரயிலில் குடோன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். எதிரே நாலு பேர் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தொடையைத் தட்டி ஐந்தாவது வரியைச் சொன்னார். சொல்லி நிறுத்திவிட்டுக் கையைக் காதில் குவித்து அவளைப் பார்த்தார். அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். இருபது வந்தது, முப்பது வந்தது. அவர் உதடு கூடவில்லை. சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தார், அவள்தான் சொல்வாளே.

"வீட்டுக்காரி" என்றாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார்.