வாத்தோடு விலைபோன காளியம்மாள்

காளியம்மாள் பட்ட கடன் முப்பதாயிரம் ரூபாய். கஜா புயலில் பேராவூரணிப் பக்கம் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தபோது அவள் வீட்டுக் கூரை பறந்தது. புருஷன் நல்லக்கண்ணுவின் கால் மரத்துக்கடியில் நசுங்கியது. காலுக்கு வைத்தியம் பார்க்கவும் கூரை போடவும் தோப்புக்காரர் செல்லதுரை கொடுத்த பணம் அது. வட்டி வேண்டாம், உழைத்துக் கழித்தால் போதும் என்றுதான் கொடுத்தார். வட்டி கேட்கிறவனை நம்பலாம்; வேண்டாம் என்கிறவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அவளைத் தன் வாத்துகளை மேய்க்க அனுப்பினார். நல்லக்கண்ணுவைத் தோப்பிலேயே காவலுக்கு வைத்துக்கொண்டார். அவள் ஓடினால் அவன் மாட்டுவான், அவன் ஓடினால் அவள் மாட்டுவாள். பொங்கலுக்கு ஒருமுறை இருவரும் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு வருஷம் ஓடியது. அறுப்பு முடிந்த வயலாகப் பார்த்து ஊர் ஊராக வாத்தை ஓட்டிக்கொண்டு போவாள். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று வாத்து கொழுக்கும். விடிந்தால் முட்டையை அள்ளிப் போக டெம்போ வந்துவிடும். அவளுக்கு அரிசியும் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும். கூலி கடனில் கழியும் என்பது பேச்சு. ஆனால் கீரி கவ்விய வாத்து, நோயில் சுருண்ட வாத்து, மருந்தடித்த வயலில் செத்த வாத்து எல்லாவற்றின் விலையும் அவள் தலையில் ஏறியது. முப்பதாயிரம், நாற்பத்தைந்தாயிரம் ஆயிற்று.

"கொறையவே மாட்டேங்குதே மொதலாளி?"

"வாத்து சாவுறத நிறுத்து, கொறையும். நானா வந்து அதுங்க கழுத்த நெரிக்கிறேன்?"

அவளுடைய பூட்டன் பண்ணையாள். நிலத்தை விற்றால் அதில் உழுகிற ஆளையும் சேர்த்து எழுதிக் கொடுத்த சீமை இது. அடிமை ஒழிந்தது, பண்ணையாள் ஒழிந்தான், கொத்தடிமையும் ஒழிந்தது என்று சட்டம் சொல்கிறது. பேர்தான் ஒழிந்தது, இப்போது அதற்கு அட்வான்ஸ் என்று பேர். படித்தவர்கள் இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம். கைகட்டி நின்று பார்த்து, பிறகு சொந்தக் காலில் எழுந்தவன் சொல்வதுதான் சரி.

காளியம்மாளுக்கென்று இருந்த ஒரே சொத்து அவள் தொண்டை. வாத்து எந்தக் குரலில் வளர்ந்ததோ அந்தக் குரலுக்குத்தான் கட்டுப்படும். பெரிய மிராசுதாரே வந்து கூப்பிட்டாலும் வாலை ஆட்டிவிட்டுப் போகும். ஒருநாளும் சேற்றில் கால் வைக்காத செல்லதுரைக்கு இது தெரியாது.

அது புரட்டாசி மாதம். குறுவை அறுத்த வயல்களில் மேய்த்துக்கொண்டு வலங்கைமான் வந்திருந்தாள். குடமுருட்டியில் தண்ணீர் நிறைந்து போனது. காலையிலேயே செல்லதுரை வந்து நின்றார்.

"எல்லாத்தையும் ஆத்துல எறக்கிவிடு. சேறு போயி பளபளன்னு இருக்கட்டும்."

இறக்கிவிட்டாள். ஆயிரம் வாத்தும் வெள்ளையும் பழுப்புமாக ஆற்றை மூடிக்கொண்டு மிதந்தன. அப்போதுதான் லாரி வந்தது. சீர்காழி வாத்து வியாபாரி மீரா சாகிப் இறங்கினார்.

"உருப்படி நல்லாருக்கு. ஆளையும் சேத்துத்தானே பேசுனோம்? நெல்லூர் பக்கம் கொண்டு போறேன். அங்க மேய்க்க ஆள் கெடைக்காது."

"அதெல்லாம் வரும் பாய். அவ கடன் நாப்பத்தஞ்ச சேத்துக் குடுத்துட்டீங்கன்னா அவ உங்க ஆளு."

காளியம்மாள் செல்லதுரையின் முன்னால் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு?"

"அவன் தோப்புல கெடப்பான். நொண்டிக்கால வச்சிக்கிட்டு நெல்லூர்ல வந்து என்ன கிழிக்கப் போறான்?"

அவள் கோலைக் கீழே போட்டாள். படித்துறையில் போய் உட்கார்ந்தாள்.

"வாத்தக் கூப்பிடு" என்றார் செல்லதுரை.

"தொண்ட கட்டிக்கிச்சு மொதலாளி."

செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா வா வா" என்று கத்தினார். வாத்துகள் எதிர்க்கரைக் கோரைக்குள் நகர்ந்தன. லாரி டிரைவர் மண்ணாங்கட்டி எறிந்தான். கூட்டம் உடைந்து, பாதியை ஆறு கீழே இழுத்துக்கொண்டு போனது. மீரா சாகிப் சிரித்துவிட்டார்.

"என்னங்க, உங்க வாத்துக்கே உங்களத் தெரியலயே! பொழுது சாயறதுக்குள்ள ஏத்தலன்னா நான் கௌம்புறேன். லாரி வாடகை சும்மா இல்ல."

செல்லதுரை கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "போலீஸ்ல புடிச்சிக் குடுத்துருவேன்டி!"

"குடுங்க. என்னன்னு சொல்லுவீங்க? வித்த பொம்பள பேச மாட்டேங்குறான்னா?"

"கைய எறக்குங்க" என்றார் மீரா சாகிப். "அடிச்சா அழுவும். அழுவுற கொரலுக்கு வாத்து வருமா?"

"எங்க வீட்டுக்காரரு இந்தக் கரையில வந்து நிக்கட்டும். அப்பறம் தொண்ட சரியாவுதான்னு பாப்போம்" என்றாள் காளியம்மாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். தோப்பில் அவனை என்ன செய்வார்களோ தெரியாது. வாத்துகள் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டால் அவள் பலமும் அத்தோடு போயிற்று.

செல்லதுரை ஆற்றைப் பார்த்தார். மூன்று லட்ச ரூபாய் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தோப்புக்குப் போன் போட்டார்.

வெயில் சாய்ந்தபோது ஒரு பைக்கின் பின்னாலிருந்து நல்லக்கண்ணு கோலை ஊன்றி இறங்கினான். "என்ன புள்ள?" என்றான். அவள் எழுந்து ஆற்றைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, "ஹோ... பாபாபா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். கோரைக்குள் சலசலப்பு. கீழே போன கூட்டமும் எதிர்நீச்சல் போட்டு வந்து சேர்ந்தது. அத்தனையும் கரையை நோக்கித் திரும்பின. பாதி ஆற்றில் வரும்போது அவள் வாயை மூடிக்கொண்டாள். வாத்துகளும் நின்றன.

"கூப்பிடேன்டி!"

"எனக்கு எவ்ளோ வெல வச்சீங்க மொதலாளி?"

"அது கடன்..."

"நாப்பத்தஞ்சு. பாய் முன்னாடிதான் சொன்னீங்க. கடன் கழிஞ்சிருச்சுன்னு இவரு முன்னாடி சொல்லுங்க. என் வெலய என் கையில வைங்க. ஆறு வருஷம் ராப்பகலா மேய்ச்ச கூலிக்கு அது கட்டாது, இருந்தாலும் வாங்கிக்கிறேன்."

"முப்பது தரேன்."

அவள் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வாத்து ஒன்று இரண்டாகக் கலையத் தொடங்கியது.

மீரா சாகிப் வாத்துக்கான பணத்தை எடுத்து செல்லதுரையிடம் நீட்டினார். "இதுல எடுத்துக் குடுத்துருங்க. எனக்கு வாத்து மட்டும் போதும். இந்தம்மாவ வாங்குற அளவுக்கு நான் பெரிய யாவாரி இல்ல."

"கழிஞ்சிருச்சு, போ" என்றார் செல்லதுரை, யாரையும் பார்க்காமல்.

காளியம்மாள் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்து, விரித்து நீட்டினாள். செல்லதுரை ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். கடைசி நோட்டு விழுந்த பிறகுதான் அவள் விரலை மடக்கி, ஆற்றைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.