யாரும் குடியிருக்காத மாளிகை

லண்டனில் இருந்திருந்தால் விக்டோரியா காலத்து மாளிகை என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு காட்டுவார்கள். இது பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில், மார்க்ஸ் டோர்முவா மெத்ரோ நிலையத்துக்குப் பின்னால் நின்றது. அதே வயது, தேய்ந்த மரப்படிகள், உட்கூரையில் சுண்ணாம்புப் பூவேலை. கலியாணம் முடித்து நான் வந்து இறங்கியது அதன் மேல்மாடி அறையில். கீழே அறை நிறைய ஊரிலிருந்து தப்பி வந்த பொடியங்கள், எல்லாருக்கும் ஒரே குசினி. புட்டு அவித்தால் அந்தப் பூவேலை வியர்த்துச் சொட்டும். என் மகள் அந்தப் படிகளில்தான் நடை பழகினாள்.

அதை ஹோட்டலாக்கப் போகிறார்கள் என்று கேட்டதும், எங்கள் சனத்தின் அருங்காட்சியகமாக்கிக் காப்பாற்றுவோம் என்று நாலு பேர் சேர்ந்தோம். நகரசபையும் மறுக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் கூட்டத்துக்கு வந்து பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதும் என்றார்கள்.

இதைவிடச் சுலபம் என்ன என்று நினைத்தேன், மடைச்சி. நான் கல்லாவில் நிற்கும் மரக்கறிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே படுத்தெழும்பியவர்கள். கடை முதலாளி அண்ணை அந்த வீட்டுக் கதையைத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

மண்டபம் நிறைந்துதான் இருந்தது. என் மனிசன் மட்டும் வேலை என்று வரவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று நகரசபைப் பெண் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு கையும் எழும்பவில்லை. "நீங்கள் மட்டும்தானா, மதாம்?" என்று அந்தப் பெண் இரக்கத்தோடு கேட்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அண்ணையைப் பிடித்தேன்.

"வாயிலை என்ன கொழுக்கட்டையே, அண்ணை?"

"அந்த வீட்டிலை இருந்த வருசமெல்லாம் நான் ஊரிலை சிறையிலை இருந்தனான் எண்டெல்லோ அகதிக் கேசிலை சொன்னனான், தங்கச்சி. இப்ப இஞ்சை இருந்தனான் எண்டு எப்பிடிப் பதியிறது?"

"நீங்கள் இப்ப பிரெஞ்சுக்காரன். ஆர் கிண்டப்போறான்?"

"ஓம். எண்டாலும், குடியுரிமை குடுத்தவனுக்குப் பறிக்கத் தெரியாதே? வந்த சனம் எல்லாருக்கும் இதுதான் பயம். உன்ரை மனிசன் ஏன் வரேல்லை எண்டு கேட்டனியே?"

கேட்கவில்லை. அன்றிரவு வீட்டுக்குப் போயும் கேட்கவில்லை. நான் அவருக்கு அகதி விசா கிடைத்த பிறகு வந்தவள்; எனக்குப் பொய் தேவைப்படவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லியிராவிட்டால் அவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு யாரிடம் கோபித்து என்ன?

ஒரு கையை வைத்து நகரசபை என்ன செய்யும்? ஹோட்டல் வந்தது.

போன மாதம் பேத்தியோடு அந்த வழியால் போனோம். மனிசன் எதிர்நடைபாதையில் நின்று மேல்மாடிச் சன்னலைக் காட்டினார். "உன்ரை அம்மா அங்கைதான் நடை பழகினவ." நகரசபைக்குச் சொல்லாததைத் தெருவில் நின்று சொன்னார். பேத்தி தங்கக் கைப்பிடி வைத்த கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"ஹோட்டலிலா? அப்போ நீங்கள் பணக்காரரா இருந்தீங்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மனிசன் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார்.

எங்கிருந்து தொடங்கி அவளுக்குச் சொல்வது? இம்முறை கொழுக்கட்டை என் வாயில்.