ஒரு நாளும் விடாத ஊசி

“மார்கழிக்குள்ள இந்தக் கால் ஆறிடுமா பாப்பா?” என்றுதான் மயிலம்மாள் பேச்சைத் தொடங்கினார்.

நான் அப்போது திருச்சியில் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம். பெண்கள் பொது வார்டில் பதினோராம் கட்டில் அவருடையது. வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். வந்து சேர்ந்த அன்று சர்க்கரை நானூற்று அறுபது. நான்கு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு, இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கொடுத்த வேலை.

“ஆறிடும்மா. ஆனா ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது” என்றேன்.

“விட்டா?”

“திரும்ப இங்கதான் வந்து படுக்கணும். அடுத்த தடவை விரலையே எடுக்க வேண்டியிருக்கும்.”

“அப்ப விட மாட்டேன். மார்கழியில நான் நடந்தாகணும். முப்பத்தோரு வருசமா கோயில் வாசல்ல செருப்புப் பாத்துக்கிறேன். ஊரே என்கிட்ட செருப்பை விட்டுட்டு சொர்க்கவாசலுக்குள்ள போகுது. நான் ஒருத்திதான் போனதில்ல. இந்த வருசம் கடையைப் பொண்ணு பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கா.”

“எழுதிக் கொடுத்தா படிப்பீங்களாம்மா?”

“எழுத்து வராது. நம்பர் வரும்.”

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நஜ்முன்னிசா எழுந்து உட்கார்ந்தார். “நம்பர் வருமாம். நேத்து என் செருப்பைப் போட்டுக்கிட்டு பாத்ரூம் போனவ இவதான். இவ காவலுக்கு இருக்கிற கடையில எவன் செருப்பு எவன் காலுக்குப் போகுதோ.”

“என் சொந்தச் செருப்புதானே தெரியாது? நான் போட்டாத்தானே தெரியும்” என்றார் மயிலம்மாள். இருவரும் சிரித்தார்கள். கால் புண்ணுக்குக் காரணம் எனக்கு அந்தச் சிரிப்பில்தான் கிடைத்தது. ‘வெறுங்காலில் நடப்பவர்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மருந்துப் புட்டியை உள்ளங்கையில் உருட்டிக் கலக்கச் சொன்னேன். சிவப்பு மூடி ஊசியில் பதினெட்டு வரை இழுக்கச் சொன்னேன். இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, “பதினெட்டு. மேல்வரிசையில கடைசிக்கு முந்தின ஆணி” என்றார். அவர் கடையில் டோக்கன் மாட்டும் பலகையில் அந்த எண்ணின் இடம் அது. காலை ஏழு மணிக்கு வயிற்றில் போட வேண்டும், அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்றேன். ஃபிரிட்ஜ் இல்லாததால் மருந்தை ஈரமணல் போட்ட சின்னப் பானையில் வைக்கலாம் என்றேன். வேர்த்துக் கொட்டினால், கை நடுங்கினால், சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே ஒரு மிட்டாயை வாயில் போட வேண்டும் என்றேன்.

எங்களுக்குப் பாடம் எடுத்த மும்தாஜ் மேடம் வந்து நின்றார். “புரிஞ்சுதான்னு கேக்காதே. எல்லாரும் தலையை ஆட்டிடுவாங்க. அவங்க வாயாலயே சொல்லச் சொல்லு” என்பது அவர் எப்போதும் சொல்வது. மயிலம்மாள் சொன்னார். ஒன்றுகூட விடாமல், நான் சொன்ன வரிசையிலேயே சொன்னார். மேடம் என் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கே” என்றார்.

பிறகு நஜ்முன்னிசா பக்கம் திரும்பினேன். அவருக்கும் இன்சுலின்தான். “ரம்ஜானுக்கு நோன்பு வைப்பீங்களாம்மா?” என்று கேட்டேன். வைப்பேன் என்றார். நோன்பு தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும், அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பார், சாப்பிடாமல் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. மயிலம்மாள் ஒருக்களித்துப் படுத்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். “பாவம், அவங்களுக்குத்தான் எவ்வளவு சட்டம்” என்றார்.

அவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் மயிலம்மாள் இறந்துபோனார். எனக்குத் தெரிய வந்தது தை மாதத்தில்.

மயிலம்மாள் லால்குடிப் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கோபுர வாசலுக்கு எதிரே செருப்புக் கடை கணவர் சின்னையாவுடையது. மகள் வேணி நான்காவது படிக்கும்போது அவர் இறந்துவிட்டார். அன்றிலிருந்து பலகையும் தகர டோக்கன்களும் மயிலம்மாளிடம். செருப்பின் அடி தேய்ந்திருப்பதைப் பார்த்தே எந்த முட்டியில் வலி என்று சொல்லிவிடுவாராம். வாசலுக்கு எதிரே நாள் முழுக்கச் செருப்போடு நிற்க மனம் வராமல், இவர் மட்டும் வெறுங்காலோடு இருந்தே பழகிவிட்டார். வைகுண்ட ஏகாதசியன்று பலகை போதாமல் செருப்புகளைச் சாக்கில் கட்டிப் போட வேண்டியிருக்கும். “அந்தக் கூட்டத்துல எவளால செருப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுக்க முடியும்?” என்று ஒவ்வொரு வருடமும் கடையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

இதில் பாதியை அவரே வார்டில் சொன்னார். மீதியைச் சொன்னது வேணி.

தை மாதம் ஒரு காலையில் வேணி வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு மருந்துப் புட்டியும் பிரிக்காத ஊசிகளும்.

“சிஸ்டர், நீங்கதானே எங்கம்மாவுக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுத்தது? இது மிச்சம். வேற யாருக்காவது ஆகட்டும்.”

“அம்மா எங்கக்கா?”

“உங்களுக்குத் தெரியாதா? அம்மா போயிடுச்சு. துவாதசி அன்னைக்கு.” அவர் அழவில்லை. முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. “பக்கத்து வீட்டு அக்காகூட வரிசையில நின்னுச்சு. பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டிருக்கு. கை நடுங்கிருக்கு. நீங்க சொன்ன மிட்டாய் சுருக்குப் பையிலதான் இருந்துச்சு. அந்த அக்கா வாயில போடச் சொன்னாங்களாம். உள்ள போயிட்டு வந்து போட்டுக்கிறேன்னு சொல்லிருச்சாம். முன்னாடி நூறு பேர்கூட இல்ல. அப்படியே சாஞ்சிருக்கு. பெருமாள் பேரைச் சொல்றாப்புல உதடு அசைஞ்சுச்சாம். மயக்கம்னு தெரியாம சுத்தி நின்னு கும்பிட்டிருக்காங்க. தெருவுல எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? மயிலம்மா வரிசையில நிக்காமலே உள்ள போயிட்டாங்கிறாங்க. இந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும் சிஸ்டர்?”

நான் புட்டியை வாங்கிக்கொண்டேன். அது இன்னும் சில்லென்று இருந்தது.

“நீங்க சொன்னதை அம்மா ஒரு நாளும் தட்டல” என்றார். “அன்னைக்குக்கூட ஏழு மணிக்கு ஊசியைப் போட்டுக்கிட்டுத்தான் கிளம்புச்சு. பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் வாயில படல.”

பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மயிலம்மாளைத் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் கொடுத்தது. “இங்கிலீஷ்ல இருக்கு. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். கொண்டுவந்தபோது சர்க்கரை இருபத்தாறு. குளுக்கோஸ் ஏற்றியும் நினைவு திரும்பவில்லை. அதற்குக் கீழே, இன்சுலின் போட்டுக்கொண்டு உணவு எடுக்காததால் என்று ஒரு வரி.

“சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிருந்திருக்கு அக்கா.”

“விரதம்ல. குறையத்தானே செய்யும்” என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் மும்தாஜ் மேடத்திடம் சொன்னேன். அவர் என் பழைய நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு வரியிலும் டிக், கீழே அவருடைய கையெழுத்து. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

“நோன்பைப் பத்தி உங்களுக்குப் பாடம் எடுத்தது நான்தான்” என்றார். “எங்க வீட்டு நோன்பை மட்டும் எடுத்திருக்கேன். ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு ஊசி கொடுத்து அனுப்புறோம். ஏகாதசி ஞாபகம் வரல.”

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

“அந்தப் பொண்ணு உன்கிட்டக் காகிதத்தைக் கொடுத்தது படிச்சுச் சொல்றதுக்கு. நீ பாதிதான் படிச்சிருக்கே.”

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். கடையில் கூட்டம் இல்லை. பலகையில் டோக்கன்கள் வரிசையாகத் தொங்கின. பதினெட்டு எங்கே என்று என் கண் தானாகத் தேடியது. மேல்வரிசையில் கடைசிக்கு முந்தின ஆணி.

வேணி, “வாங்க சிஸ்டர், சேவிக்க வந்தீங்களா?” என்று என் செருப்புக்குக் கை நீட்டினார்.

“இல்லக்கா. அன்னைக்கு முழுசாப் படிக்காம விட்டுட்டேன்.”

நின்றபடியே சொன்னேன். ஊசி சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சாப்பாடு உள்ளே போனால்தான் அது ஓரிடத்தில் நிற்கும். சாப்பிடாத நாளில் வழக்கமான அளவைப் போடவே கூடாது. விரதம் இருப்பீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விடக் கூடாது, விடக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

வேணி கையிலிருந்த டோக்கனை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லியிருந்தாலும் அம்மா அன்னைக்குச் சாப்பிட்டிருக்காது” என்றார்.

“சாப்பிட வேண்டாம்க்கா. டாக்டர்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கு மட்டும் ஊசியைக் குறைச்சிருப்பார், இல்ல விடச் சொல்லியிருப்பார்.”

“விடலாமா?”

“கேட்டுட்டு விட்டிருக்கலாம்.”

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். யாரோ டோக்கனை நீட்ட, செருப்பை எடுத்துக் கீழே வைத்தார். அந்த ஆள் போன பிறகும் குனிந்தபடியே இருந்தார். “தெருவுல சொல்றதை நம்பிக்கிட்டு இருந்தேன்” என்றார். “நல்லா இருந்துச்சு.” பிறகு, “நீங்க போயிட்டு வாங்க சிஸ்டர்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் படியிறங்கியபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், ஊசியோடு வீட்டுக்குப் போகிற எல்லோரிடமும், ‘எந்தெந்த நாள் சாப்பிட மாட்டீங்க?’ என்றுதான் முதலில் கேட்கிறேன். சஷ்டி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று ஏதாவது ஒன்று வராமல் இருப்பதில்லை. கேட்டால் யாரும் மறைப்பதில்லை.

மயிலம்மாளும் மறைக்கவில்லை. கார்த்திகை மாதக் கடைசியில் கால் கட்டு பிரிக்க வந்திருந்தார். புண் ஆறி, இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. புதுச் செருப்பு போட்டிருந்தார். வகுப்புக்கு மணியாகிவிட்டதென்று ஓடிக்கொண்டிருந்த என்னை நடைபாதையில் கையைப் பிடித்து நிறுத்தினார். சரிம்மா, சரிம்மா என்று தலையை ஆட்டினேன். அவர் சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது.

“ஒரு நாள் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும் பாப்பா. வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் வந்துடாதீங்க, அன்னைக்கு நான் பட்டினி, அடுப்பே மூட்ட மாட்டேன். மறுநாள் துவாதசிக்கு வாங்க. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் பண்ணி வைக்கிறேன். நீங்க வந்தப்புறம்தான் நானும் சாப்பிடுவேன்.”