இரண்டாக மடித்து வெட்டிய துணி

றுமைஸாவுக்குத் திமிர் அதிகம் என்று கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடையில் சொல்லாத ஆள் கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருடம் ஒரே மெஷினை மிதித்து, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, அளவு பிழைத்து ஒரு ஜாக்கெட்டாவது திரும்பி வந்தது என்று எவருக்கும் சொல்ல இடம் வைக்காத ஒருத்திக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால்தான் என்ன? அந்தத் திமிர் ஓர் உயிரைக் காப்பாற்றிய கதை எனக்குத் தெரியும், பிழைத்தவரே சொன்னது. அதனால் அவள் பக்கம்தான் நான் பேசுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாத்தளை வீதியிலிருந்து பள்ளிவாசல் பக்கம் திரும்பும் ஒழுங்கையில் நான்காவது வீடு. முன்னறையில் மெஷின், வெட்டுகிற மேசை, ஆளுயரக் கண்ணாடி, மூலையில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால்தான் அளவெடுப்பது, போட்டுப் பார்ப்பது எல்லாம். அங்கே பார்த்தது அங்கேயே இருக்க வேண்டும் என்பது றுமைஸாவின் சட்டம். யாருக்கு வயிறு வைத்தது, யாருக்குத் தோள் சரிந்தது என்று அவளுடைய கணவன் ஹபீலுக்குக்கூடத் தெரியாது. சம்பந்தப்பட்ட பெண்ணிடமே சொல்ல மாட்டாள். உடம்பு பெருத்திருந்தால் ஓரத் தையலைச் சத்தமில்லாமல் அரை அங்குலம், அவள் பாஷையில் அரை இஞ்சி, விட்டுக்கொடுப்பாள். போட்டுப் பார்ப்பவள் தன் அளவு மாறவே இல்லை என்று சந்தோஷமாகப் போவாள். நல்ல பழக்கம்தான், யார் இல்லை என்றது? அந்த நல்ல பழக்கம்தான் பத்மாதேவி டீச்சரை முடித்துவிடப் பார்த்தது.

டீச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கட்டுகஸ்தோட்டையில் வீடு. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றார். கண்டி நகரத்தில் நூறு தையல் கடை இருக்க, பஸ் ஏறி றுமைஸாவிடம் வருபவர். பத்து வருடமாக அப்படித்தான். ஒவ்வொரு முறையும் புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, விடைத்தாள் திருத்துவதுபோல மேலும் கீழும் பார்த்து, "தொண்ணூற்றெட்டு" என்பார். நூறு யாருக்கும் போட்டதில்லையாம், சொந்த மகளுக்கும் போட்டதில்லையாம். அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று றுமைஸா ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பாள். டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போன தீபாவளிக்குத் தைத்ததைப் போட்டுப் பார்த்தபோது டீச்சர் லேசாக நெளிந்தார். இடது பக்கம் கொஞ்சம் இறுக்கமாம். ஓய்வு பெற்றவர், வீட்டில் இருந்து உடம்பு போட்டிருப்பார் என்று நினைத்து, றுமைஸா வழக்கம்போல அரை இஞ்சி விட்டுக்கொடுத்தாள். வாய் திறக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் டீச்சர் மறுபடி வந்தார். ஒரு கையில் பொங்கலுக்குத் தைத்து, அவசரத்தில் போட்டுப் பார்க்காமல் எடுத்துப்போன ஜாக்கெட். மறு கையில் மகள் பிரியாந்தினியின் கல்யாணத்துக்கு என்று எடுத்த பட்டுச் சாரி, அதோடு வந்த ஜாக்கெட் துணி. கல்யாணம் ஆவணியில். ஆனால் டீச்சருக்கு எல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். மார்ச் மாதம் ஜாக்கெட் கையில் வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டே வந்திருந்தார்.

"என்ன றுமைஸா, இந்தமுறை நீர் பிழைவிட்டிட்டீர். இடப்பக்கம் வெட்டுப் பிழைச்சுப்போச்சு, இழுக்குது. கலியாணச் சட்டையை எண்டாலும் கவனமா வெட்டும்."

பிழை. றுமைஸாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"டீச்சர், நான் வெட்டினதுல பிழையா? கொஞ்சம் இரிங்க."

ஜாக்கெட்டை வாங்கி மேசையில் விரித்தாள். முதுகின் நடுவால் இரண்டாக மடித்து, தோளோடு தோள், கையோடு கை வைத்துத் தடவிவிட்டாள். இடதும் வலதும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று படுத்தன.

"பாருங்க. நான் துணிய ரெண்டா மடிச்சி வெச்சித்தான் வெட்டுற. ஒரே கத்திரி, ஒரே வெட்டு. வலம் சரியெண்டா இடமும் சரி. ஒரு பக்கம் மட்டும் எப்பிடி டீச்சர் பிழைக்கும்?"

டீச்சர் குனிந்து மடிப்பைப் பார்த்தார். கணக்குப் படிப்பித்தவர் அல்லவா, மடித்த துணியில் பிழை பிடிக்க வழியில்லை என்பது அவருக்கா விளங்காது? றுமைஸாவுக்கு வென்றுவிட்ட சந்தோஷம். அது ஒரு நிமிடம்தான் நின்றது. துணி மாறவில்லை என்றால் மாறியது எது என்ற கேள்வி அடுத்த நிமிடமே வந்து முன்னால் நின்றது. தீபாவளிக்கு விட்டுக்கொடுத்த அரை இஞ்சியும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. அதுவும் இடது பக்கம்தான்.

"ஒருக்காப் போடுங்க, பாப்பம்" என்று டீச்சரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

பத்து வருடமாக அளவெடுத்த உடம்பு. ஆனால் அளவு நாடாவைப் பார்க்கிற கண்ணால் பார்ப்பது வேறு, ஆளைப் பார்க்கிற கண்ணால் பார்ப்பது வேறு. இடது மார்பின் ஓரத்தில் தோல் உள்வாங்கிச் சுருங்கியிருந்தது. துணியில் ஒரு நூல் இழுபட்டால் சுற்றிவரச் சுருக்கம் விழுமே, அப்படி. காம்பும் உள்ளே இழுத்திருந்தது.

"இது எத்தின நாளா டீச்சர்?"

டீச்சர் சேலைத் தலைப்பை எடுத்து மூடிக்கொண்டார். "அது புரட்டாசியில இருந்து கிடக்கு. வயசு போனால் வாறதுதானே. நோவொண்டும் இல்லை. நொந்தால் எல்லோ பயப்பிட வேணும்?"

றுமைஸாவின் மெஷின் லாச்சியில், நூற்கட்டைகளோடு ஒரு கிளினிக் அட்டை கிடக்கிறது. நாற்பத்தைந்து வயதானபோது ஊர் மிட்வைஃப் மிஸ் பிடிவாதமாகக் கூட்டிப்போய்ப் பெண்கள் கிளினிக்கில் காட்டியபோது தந்த அட்டை. போகும் வழியெல்லாம் அந்த மிஸ் சொல்லிக்கொண்டே வந்தது அவளுக்கு மனப்பாடம். நோவு வரும் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. புதுசா ஒரு கட்டி, ஒரு பக்கம் மட்டும் பருமனோ வடிவமோ மாறுவது, தோல் குழிவது, தோடம்பழத் தோல் மாதிரி குழிகுழியாகத் தடிப்பது, சிவப்பது, காம்பு உள்ளே போவது, காம்பில் புண் வருவது, நீரோ இரத்தமோ கசிவது, கைக்கடியில் கட்டி. இதில் ஒன்று புதிதாக வந்தாலும் டொக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அதை அப்படியே டீச்சரிடம் ஒப்புவித்தாள். டீச்சரின் முகம் கறுத்தது.

"நீர் தைக்கிற ஆள். தையலைப் பாரும். கலியாணவீடு வருது, வீட்டில எல்லாரையும் குழப்பச் சொல்லுறீரோ? ஆவணி முடியட்டும், காட்டுறன்."

ஆவணிக்கு ஏழு மாதம் இருந்தது. றுமைஸா பட்டுத் துணியை எடுத்தாள். அழகான துணி, மாம்பழ நிறம், அரக்குக் கரை. அதைப் பையில் போட்டு டீச்சரின் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போங்க டீச்சர். டொக்டருக்குக் காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தத் துணியில நான் கத்திரி வெக்க மாட்டேன்."

"அப்ப கண்டியில வேற ஆளிட்டக் குடுக்கிறன்."

"குடுங்க. ஆனா அவங்களும் ரெண்டா மடிச்சித்தான் வெட்டுவாங்க. அங்கயும் இடப்பக்கம் இழுக்கும்."

டீச்சர் விறுவிறென்று படியிறங்கிப் போனார். பத்து வருட வாடிக்கை, அவர் சொல்லி வந்த டீச்சர்மார் வேறு ஏழெட்டுப் பேர், எல்லாம் அந்தப் படியோடு போய்விடலாம். றுமைஸா அதை நினைக்காமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவளை அழவைத்தது அந்த அரை இஞ்சிதான். தெரிந்த கை மறைத்துத் தைத்துவிட்டதே என்று ஹபீலிடம் சொல்லி அழுதாள். திரைக்குப் பின்னால் பார்த்ததை அவள் வெளியில் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அப்போதும் ஆளின் பெயரைச் சொல்லவில்லை. ஹபீலும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை போன் அடித்தது.

"றுமைஸா, நான் டீச்சர் பேசுறன். தீபாவளிக்கு முந்தின பழைய சட்டையள் ஆறையும் மடிச்சுப் பாத்தன். எல்லாம் சரியா இருக்கு. போன வருசத்துச் சட்டை எல்லாம் இப்ப இடப்பக்கம் இழுக்குது. வியாழக்கிழமை எங்கட பக்கத்து கிளினிக்காம். தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீர் வாறீரோ?"

முப்பது வருடம் வகுப்பையே நடுங்கவைத்த மனுஷி பயம் என்று சொன்னார். றுமைஸா தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டாள். வியாழக்கிழமை ஹபீலின் ஓட்டோவில் இருவரும் கிளினிக் வாசலில் இறங்கினார்கள்.

டொக்டர் ஓர் இளம் பெண். கையால் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இப்படி வருகிற மாற்றங்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை என்றார். ஆனால் எது ஆபத்து, எது இல்லை என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது, படம் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். டீச்சர் அந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார்.

புற்றுநோய்தான். கட்டி சின்னது. கைக்கடியில் போயிருக்கவில்லை. இடது மார்பை எடுத்தால் போதும், பிறகு சில வருடம் மருந்துக் குளிசை குடிக்க வேண்டும் என்றார்கள். ஆவணி வரை விட்டிருந்தால் இவ்வளவோடு போயிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது என்று பெரிய டொக்டர் சொன்னாராம்.

ஒப்பரேஷன் முடிந்த மூன்றாம் நாள் றுமைஸா கஞ்சியோடு போனாள். கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்தவள், கஞ்சியைக் கொடுக்கும் முன்பே கொட்டித் தீர்த்தாள்.

"டீச்சர், எனக்குத் தீபாவளிக்கே தெரிஞ்சிருக்கணும். அரை இஞ்சி விட்டுக்குடுத்தேன். வாயத் தொறக்கல. மன்னிச்சிக்கோங்க."

டீச்சர் அவளுடைய கையைப் பிடித்தார். "எனக்கு அதுக்கு முந்தியே தெரியும். நானுந்தான் வாய் திறக்கேல்லை. ரெண்டு பேருக்கும் இதில ஒரே மார்க்தான். கஞ்சியை ஊத்தும்."

ஆடி மாதக் கடைசியில் அந்த மாம்பழ நிறத் துணி திரும்பி அலவத்துகொடைக்கு வந்தது. றுமைஸா இரண்டு நாள் அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் துணியை மேசையில் விரித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக மடிக்காமல் விரித்தாள். வலது பக்கத்தைத் தனியாகக் கோடு போட்டு வெட்டினாள். இடது பக்கத்தை வேறாக அளந்து வேறாக வெட்டினாள். உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை வைத்து, அதற்குள் அடங்கப் பஞ்சு அடைத்த ஒரு சிறு திண்டு தைத்தாள். தழும்பில் உரசாமல் இருக்கத் தையல் மடிப்பை வெளிப்பக்கம் திருப்பினாள். நான்கு முறை பிரித்தாள், நான்கு முறை தைத்தாள். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை.

இதற்கிடையில் பச்சைத் திரைக்குப் பின்னாலும் சட்டம் மாறிவிட்டது. அளவெடுக்கும்போது, ஒரு பக்கம் மட்டும் ஏதும் புதிதாக மாறியிருக்கிறதா என்று றுமைஸா இப்போது கேட்கிறாள். வெட்கப்பட்டவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர் உண்டு. கிளினிக்குக்குப் போனவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேருக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கு நீர்க்கட்டி. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு வருவதும் நல்ல காரியம்தானே என்று அவள் வாதாடுவாள். பார்த்ததை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்பது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு டீச்சர் வந்து ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார். சாரியும் உடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். நேராக நின்று பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், கையைத் தூக்கி இறக்கினார். எங்கேயும் இழுக்கவில்லை. எங்கேயும் தொய்யவில்லை. இடது எது, வலது எது என்று தைத்தவளுக்கே அந்த நேரம் மறந்துபோனது.

"தொண்ணூற்றெட்டு" என்றார் டீச்சர்.

றுமைஸாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இதுக்குமா? அந்த ரெண்டு மார்க்க இந்த முறயும் எங்க டீச்சர் வெட்டினீங்க?"

"மார்ச்சில கேட்ட சட்டையை ஆவணியில தாறீர். பிந்தினதுக்கு ரெண்டு மார்க்." டீச்சர் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "பிந்தினபடியால்தான் றுமைஸா, இதைப் போட நான் இருக்கிறன்."