கடுகுக் கடையில் போணி

சுற்றுலாத் தொழிலில் ஊரைப் பார்ப்பது பயணிகளின் பாடு, பயணிகளைப் பார்ப்பது என் பாடு. கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸில் டூர் மேனேஜராக இருக்கிறேன். பாரிஸுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தக் கோபுரத்தை ஒரு நாளும் நிம்மதியாக அண்ணாந்து பார்த்ததில்லை. எல்லோரும் மேலே பார்க்கும்போது நான் கீழே தலைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி வேளாங்கண்ணிக்கோ திருப்பதிக்கோ கூட்டிப் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். வழியில் டீ குடிக்க இறங்கிய சித்தப்பாவைத் தேடி அலைந்தும் இருப்பீர்கள். அதையே தெரியாத பாஷையில், பல் கிட்டிக்கும் குளிரில் செய்து பாருங்கள். அதுதான் என் உத்தியோகம்.

வேறு பஸ், வேறு சாதம்

போன வருஷம் சுவிட்சர்லாந்தில் ஒரு செங்கல்பட்டுக்காரர் காணாமல் போனார். ரிட்டையரான வாத்தியார், விவரமான மனுஷர். ஏரி, பூங்கா, கழிப்பறை என்று எல்லா இடத்திலும் தேடி, கடைசியில் போலீசுக்கும் சொல்லிவிட்டேன். அவரோ சென்னையிலிருந்து வந்திருந்த இன்னொரு தமிழ் டூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அடுத்த ஊருக்கே போய்விட்டிருந்தார். எல்லோரும் தமிழ் பேசினார்கள், யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அப்புறம் என்ன?

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "இன்னும் ஒரு ஆளைத் தொலைச்சே, அப்புறம் நீ ஏரோப்ளேனை அண்ணாந்துதான் பாக்கணும். ஆபீஸ்ல உக்காந்து பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடு" என்றார். எனக்கு அழுகை வராத குறை. வாத்தியாரிடம், "சார், பஸ் மாறினது கூடவா தெரியல?" என்று கேட்டேன். அவர் சொன்னது:

"தெரிஞ்சுது தம்பி. ஆனா அந்த பஸ்ல லெமன் சாதம் போட்டாங்க."

பாலத்தைக் காணோம்

இந்த வருஷம் ஜெர்மனியில் எர்ஃபுர்ட் என்ற பழைய ஊரில் கடைசி நாள். காலையில் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, மதியம் பஸ் ஏறி, சாயங்காலம் ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு பாலம் இருக்கிறது. பாலத்தின் மேலேயே இரண்டு பக்கமும் நெருக்கமாக வீடுகள், கீழ்த்தளத்தில் எல்லாம் கடைகள். பல நூறு வருஷமாக வியாபாரம் நடக்கும் தெரு. நடுவில் நின்றால் கடைகள் மட்டும்தான் தெரியும், ஆறு தெரியாது.

இதைத்தான் சண்முகம் சாரால் ஜீரணிக்க முடியவில்லை. கல்பாக்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். "பாலம், பாலம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்களே, எங்கே அது?" என்றார். "நாம நிக்கிறதே பாலம்தான் சார்" என்றேன். காலால் தரையை இரண்டு தட்டு தட்டினார். இடது பக்கம் பார்த்தார், சாக்லேட் கடை. வலது பக்கம் பார்த்தார், பொம்மைக் கடை. என்னைப் பார்த்த பார்வையில், நான் அவரை ரங்கநாதன் தெருவில் நிறுத்திவிட்டுக் கதை விடுவது போல ஒரு சந்தேகம்.

"நம்ம பாலாத்துல தண்ணி தெரியாது, பாலமாவது தெரியும். இங்க ரெண்டுமே தெரியலையேப்பா."

முதல் கால்

வசந்தாக்காவை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பி மாலை, சின்னச் சின்னக் கல் யானை விற்கும் கடை வைத்திருக்கிறார். கடை திறந்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடுகூட நின்றுகொண்டேதான் என்பார். மகள் அடம்பிடித்து இந்தப் பயணத்துக்கு அனுப்பியிருந்தாள். பனிமலையைக் காட்டினால் பார்க்க மாட்டார். பக்கத்துக் கடைக்காரிக்குப் போன் போட்டு, "யாவாரம் ஆச்சா? யான வித்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் பாலத்துத் தெருவில் நாங்கள் நுழைந்தபோது ஒரு கடுகுக் கடையை அப்போதுதான் திறந்தார்கள். கடுகை அரைத்து, விதவிதமாக ஜாடியில் அடைத்து விற்கும் கடை. சின்னக் குச்சியில் தொட்டு ருசி பார்க்கத் தருவார்கள். கல்லாவில் உயரமாக, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். எங்கள் ஆட்கள் வரிசையாக ருசி பார்த்துவிட்டு, "தாளிக்காத கடுகு, காரம் மூக்குல ஏறுது" என்று தீர்ப்புச் சொல்லிக் கிளம்பினார்கள். வசந்தாக்கா இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துவிட்டார். "யாரும் வெளிய போவக்கூடாது. மொத காலு நம்ம காலு. போணி பண்ணாம போனா அந்தம்மாக்கு இன்னிக்கெல்லாம் யாவாரம் ஆவாது. பாவம் நமக்குத்தான்!"

கடைசியில் தானே ஒரு ஜாடி வாங்கினார். காசு வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி அந்த அம்மாளுக்குச் சைகையில் செய்து காட்டினார். ஐரோப்பா கண்டத்தில் ஒரு நோட்டைக் கண்ணுக்கருகே கொண்டு போகச் சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கள்ளநோட்டோ என்று பயந்து, அந்த அம்மாள் நோட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வசந்தாக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா தம்பி, இவங்களும் போணி காச வெளக்குக்குக் காட்டித்தான் வாங்குறாங்க."

மெஷின் ஒத்துக்கொள்ளாது

எங்கள் பஸ் ஓட்டுநர் பெயர் டீட்டர். அங்கே ஓட்டுநர் எத்தனை நேரம் வேலை செய்கிறார், எப்போது ஓய்வெடுக்கிறார் என்பதை எல்லாம் பஸ்ஸில் ஒரு மெஷின் பதிந்துகொண்டே இருக்கும். காலையெல்லாம் அவருக்குப் பஸ் கழுவும் வேலை என்பதால், வழியில் முக்கால் மணி நேரம் கட்டாய ஓய்வு வேறு. அதனால் புறப்பாடு தள்ளிப் போனால் விமானம் போய்விடும் என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்.

எல்லோரையும் அவரவர் இஷ்டத்துக்குச் சுற்ற விட்டிருந்தேன். குறித்த நேரத்துக்குப் பாலத்தின் முனையில் கூடினோம். எண்ணினேன். இரண்டு தலை குறைந்தது. மறுபடி எண்ணினேன், அதே இரண்டு. வசந்தாக்காவும் சண்முகம் சாரும். என் கண் முன்னால் ஜெராக்ஸ் மெஷின் வந்து நின்றது. டீட்டரிடம் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது. மெஷினுக்கு அது கிடையாது."

கல்லாவில் யார்?

ஓடினேன். கடுகுக் கடை வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தால், கல்லாவுக்குப் பின்னால், புடவை மேல் ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாவுமாக வசந்தாக்கா! ருசி பார்க்கும் குச்சி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. தன் பையிலிருந்த முறுக்கு டப்பாவைத் திறந்து, முறுக்கை உடைத்து, கடுகில் தோய்த்து, வந்தவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிக் கடித்தார்கள். கடித்தவர்கள் ஜாடியும் வாங்கினார்கள். விலைதான் ஜாடியிலேயே ஒட்டியிருக்கிறதே.

"அக்கா, என்ன பண்றீங்க? பஸ் கெளம்புது!" என்று கத்தினேன்.

"கூவாத தம்பி, யாவாரம் நடந்துகினு கீது. போணி பண்ண கடையாச்சே, யாவாரம் ஆச்சான்னு பாக்க வந்தேன். அந்தம்மா கடைய பாத்துக்கோன்னு என்னாண்ட வுட்டுட்டுப் போயிருக்கு."

"ஜெர்மன்ல சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"இதுக்கு இன்னாத்துக்கு பாஷ? என்னியப் பாத்து ஒத்த வெரலக் காட்டிச்சு, இப்புடி கைய ஆட்டிச்சு, ஒரு பைய தூக்கிகினு ஓடிச்சு. எங்க பக்கத்துக் கடக்காரி டீ குடிக்கப் போறப்ப இதத்தான் செய்வா."

ஒரு நிமிஷம் இருங்கள் என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் சைகை என்று விளக்கினேன். விமானத்தைச் சொன்னேன், முதலாளியைச் சொன்னேன், என் பிள்ளையின் பள்ளிக்கூடப் பீஸைச் சொன்னேன். அக்காவின் முகம் வாடியது, ஆனால் கால் நகரவில்லை.

"உன் கஷ்டம் புரியுது தம்பி. ஆனா நம்பி வுட்டுட்டுப் போன கடைய தொறந்து போட்டுட்டு வந்தா, நான் யாவாரியா இன்னா?"

இடைவேளை

அப்போது டீட்டரே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார். வசந்தாக்கா அதில் ஒரு முறுக்குத் துண்டை வைத்துவிட்டார். டீட்டர் மென்றார், நின்றார். கடுகு மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு, போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு நான் யாரிடம் போய் முறையிடுவது? நானும் கவர் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

வரிசை கரைந்து, டீட்டர் மூன்று ஜாடியோடு நின்றபோது கடைக்கார அம்மாள் மூச்சிரைக்க வந்தார். கூடவே சண்முகம் சார், தோளில் பையோடு. சார் மறுபடி அந்தக் கடைக்கு வந்தபோது பையைக் கல்லா மேல் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பாஸ்போர்ட் உட்பட. அதைக் கொடுக்கத்தான் அந்த அம்மாள் ஓடியிருக்கிறார். ஊரெல்லாம் தேடி, கடைசியில் ஆற்றங்கரைப் புல்வெளியில் அண்ணாந்து நின்றவரைப் பிடித்தாராம். பாஸ்போர்ட் போனதும் வந்ததும் சாருக்கு ஒரு பொருட்டே இல்லை. "பாலம் கெடைச்சிடுச்சு தம்பி! இவ்வளவு நேரம் அது மேலதான் நின்னுட்டிருந்தோம்! நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

நான் டீட்டரைப் பார்த்தேன். விமானம் அவ்வளவுதான் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மீசையிலிருந்த கடுகைத் துடைத்துக்கொண்டு, மெஷினைவிடத் தெளிவாகச் சொன்னார்:

"முக்கால் மணி நேரமாக நான் பஸ்ஸைத் தொடவில்லை. என் கட்டாய ஓய்வு முடிந்துவிட்டது. இனி வழியில் நிற்க வேண்டாம், போகலாம்."

விமானத்தைப் பிடித்துவிட்டோம். ஆனால் கிளம்பும் முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். காலி முறுக்கு டப்பாவையும், காலியான அலமாரியையும், ஒரு கிண்ணம் நிறையக் கிடந்த காசையும் மாறி மாறிப் பார்த்த அந்த அம்மாள், வசந்தாக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. வசந்தாக்கா புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, தமிழிலேயே பதில் சொன்னார். அதைக் கேட்டதும் அவரை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

"நீ ஒரு தபா மாமல்லபுரம் வா. வந்து என் கடைய கொஞ்ச நேரம் பாத்துக்க. நானும் ஒரு நாளு உக்காந்து சோறு துன்றேன்."

இப்போதெல்லாம் என் கூட்டத்தில் யார் காணாமல் போனாலும், நான் முதலில் பக்கத்துக் கடையின் கல்லாவுக்குப் பின்னால்தான் தேடுகிறேன்.